கடதாசியில் ஓடிய இழைகள்

மன்னார் நகரத்துக் கந்தோர் ஒன்றில் இன்னாசிமுத்துவுடன் இரண்டு வருடம் ஒரே அறையில் வேலை செய்தேன். அவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. காலையில் வந்து கணினியைத் திறப்பார், பின்னேரம் மூடிவிட்டுப் போவார். யுத்தத்தின் கடைசி வருடங்களில் பேசாலையில் தனியாக இருந்ததைப் பற்றி அவர் ஒரேயடியாக ஒருநாளும் சொன்னதில்லை. மின்சாரம் நின்றுபோன மதியங்களிலும், மழைக்குப் பஸ் வராமல் காத்திருந்த பின்னேரங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நான் அதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அவர் பிறந்தது மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தகப்பன் மரியதாஸும் தாய் லூர்தம்மாவும் நாலு வயதுப் பிள்ளையான அவரைத் தூக்கிக்கொண்டு மன்னார்ப் பெருநிலப் பக்கம் வந்தார்கள். உயிலங்குளத்துக்கு அப்பால், விடத்தல்தீவுக்குப் போகிற வழியில் காட்டை வெட்டிக் குடியேறிய முப்பது குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. தகப்பன் காய்ச்சலில் சீக்கிரமே போய்விட்டார். லூர்தம்மா மற்றவர்களின் வயலில் களை பிடுங்கி மகனைப் படிப்பித்தாள். கணிதத்தில் உயர்தரம் சித்தியெய்தினார். பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய வெட்டுப்புள்ளியை எட்டவில்லை.

சமாதான காலத்தில், இரண்டாயிரத்து மூன்றில், அவருக்கு மன்னார்த் தீவுப் பக்கத்தில் உள்ள பேசாலையில் வேலை கிடைத்தது. எருக்கலம்பிட்டிக்காரரான சரிபுதீன் என்பவர் தொண்ணூறில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, கடற்கரையில் ஒரு சிறிய ஐஸ் தொழிற்சாலை தொடங்கியிருந்தார். இயந்திரம் ஓட்ட ஆள் தேவை. இன்னாசிமுத்து போய்ச் சேர்ந்தார். தொழிற்சாலையின் பின்பக்கத்து அறையிலேயே தங்கிக்கொண்டார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இராணுவப் பகுதிக்கும் இயக்கப் பகுதிக்கும் நடுவில் இருந்த உயிலங்குளம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போய்த் தாயைப் பார்த்துவிட்டு வருவார்.

அந்த நேரத்தில்தான் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தார். கொழும்பில் ஒரு பல்கலைக்கழகம் கணினிப் படிப்பில் வெளிவாரிப் பட்டம் நடத்துகிறது. வகுப்புக்குப் போகவேண்டியதில்லை, பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும். அவர் பதிவு செய்தார். முதல் வருடப் பரீட்சையைக் கொழும்புக்குப் போய் எழுதிச் சித்தியும் பெற்றார். இரண்டாம் வருடத்தில் இயங்குதளம் என்று ஒரு பாடம். அதற்கான பாடநூலின் போட்டோப் பிரதி இரண்டு பாகமாகத் தபாலில் வரும் என்றார்கள். முதலாம் பாகம் வந்தது.

இரண்டாயிரத்து ஆறு ஓகஸ்ட்டில் உயிலங்குளத்துப் பாதையை மூடினார்கள். தாய் அந்தப் பக்கம், மகன் இந்தப் பக்கம். இரண்டாம் பாகமும் வரவில்லை.

கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு வந்தது, பாஸ் என்ற அனுமதிச்சீட்டு வந்தது, பிறகு பல நாள் கடலே இல்லை. மீன் இல்லாத இடத்தில் ஐஸ் எதற்கு? சரிபுதீன் மறுபடியும் புத்தளத்துக்குப் போக ஆயத்தமானார். புறப்படும் நாள் தொட்டியின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"தம்பி, இயந்திரத்தைக் கிழமைக்கு ஒருக்காலாவது ஓட விடுங்கோ. உப்புக்காத்து திண்டுபோடும்."

"ஓம் முதலாளி."

"உங்களுக்குப் பயமா இருந்தா நீங்களும் வாங்கோ. புத்தளத்தில ஏதாவது பார்க்கலாம்."

"இல்லை. அம்மா அந்தப் பக்கம் இருக்கிறா. பாதை திறந்தா நான் இங்க நிக்கவேணும்."

சரிபுதீன் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பெரிய தகரக் கூரைக்குக் கீழே இன்னாசிமுத்து ஒருவர்தான். சோளகக் காற்று நாள் முழுக்கக் கூரையைத் தட்டிக்கொண்டிருக்கும். கதவுக்கு வெளியே மணல் ஏறும். சில நாட்களில் இரண்டு மூன்று கழுதைகள் வந்து சுவர் நிழலில் நிற்கும். கடைக்குப் போனால் "ஒரு இறாத்தல் பாண்" என்று சொல்வதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். சில நாட்கள் தன்னுடைய குரலைத் தானே கேட்காமல் போனதாகச் சொன்னார். ஞாயிறு பூசையில் செபத்துக்கு வாய் திறக்கும்போது குரல் கரகரத்து வருமாம்.

செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் தாய்க்குக் கடிதம் அனுப்பலாம். ஒரு தாள், குடும்பச் செய்தி மட்டும். அவர் எழுதுவது எப்போதும் இரண்டு வரிதான்: நான் சுகம், படிப்பு நடக்கிறது. பதில் யாரோ எழுதிக்கொடுத்ததாக மாதங்கள் கழித்து வரும்: நானும் சுகம், நல்லாச் சாப்பிடு.

ஆகவே படித்தார். போட்டோப் பிரதியின் கடைசி அத்தியாயம் இழைகளைப் பற்றியது. ஆங்கிலத்தில் திரெட் என்பதை அவர் தனக்குத்தானே இழை என்று வைத்துக்கொண்டார். ஒரு நிரல் ஓடும்போது அது ஒரே கோடாகத்தான் ஓடவேண்டும் என்றில்லை. அதற்குள்ளேயே பல இழைகள் ஒரே காலத்தில் ஓடலாம் என்று அத்தியாயம் சொன்னது. இழையை உண்டாக்குவதற்கு நிரல் எழுதுகிறவன் நேரே இயங்குதளத்தின் கருவோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. அந்தக் கருவுக்குக் கேர்னல் என்று பெயர். இடையில் ஒரு நிரல் நூலகம் இருக்கிறது. "இந்த வேலைக்கு ஒரு இழை வேண்டும்" என்று கேட்டால், நூலகம் முதலில் அந்த இழை தன் கணக்குகளை எழுதிவைக்க நினைவகத்தில் ஒரு துண்டு இடம் ஒதுக்கும். அதற்கு ஒரு இலக்கம் கொடுக்கும். எங்கே தொடங்கவேண்டும் என்று குறித்துவைக்கும். அதன் பிறகே கேர்னலிடம், ஓடுவதற்கு இன்னொரு ஆள் வந்திருக்கிறான் என்று அறிவிக்கும். யார் எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்பதைக் கேர்னல் தீர்மானிக்கும். முடிந்த இழையை யாராவது காத்திருந்து சேர்த்துக்கொள்ளவேண்டும். அதற்கு ஜொயின் என்று பெயர்.

வாசித்தால் விளங்கியது. ஆனால் செய்துபார்க்கக் கணினி இல்லை. அது மன்னார் நகரத்தில் இருந்தது, சனிக்கிழமைகளில் மட்டும், அதுவும் பாதை விட்டால்.

அவர் கடதாசியில் செய்தார். ஒரு கொப்பியை எடுத்து, இது பொது நினைவகம் என்று வைத்தார். எல்லா இழைகளும் அதைப் பார்க்கலாம், எழுதலாம். ஒவ்வொரு இழைக்கும் தனித்தனியாக ஒரு தாள். அது அந்த இழையின் சொந்த இடம், மற்ற இழை தொடாது. நூலகம் செய்யவேண்டியதையும் அவரே செய்தார், கேர்னல் செய்யவேண்டியதையும் அவரே செய்தார். முதலாம் தாளை எடுத்து இரண்டு சுற்று ஓட்டுவார், கீழே வைப்பார், இரண்டாம் தாளை எடுத்து மூன்று சுற்று ஓட்டுவார். ஐஸ் அடுக்கும் நீண்ட மேசை முழுக்கத் தாள்கள் பரவிக் கிடக்கும். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு இரும்பு முறுக்காணி.

அவர் எழுதிய நிரல் மிக எளிமையானது. பொதுவில் ஒரு எண் இருக்கிறது. இரண்டு இழைகளும் அந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று வரி: பொதுக் கொப்பியிலிருந்து எண்ணை எடு, சொந்தத் தாளில் ஒன்று கூட்டு, திரும்பக் கொப்பியில் எழுது. முதலாம் இழை ஐம்பது சுற்று, இரண்டாம் இழை ஐம்பது சுற்று. நூறு வரவேண்டும். எத்தனை முறை ஓட்டினாலும் நூறு வந்தது.

ஒரு சனிக்கிழமை தாள்களை மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு மன்னார் பஸ்ஸில் ஏறினார். நகரத்தில், கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு மண்டபத்தில் சிவலட்சுமி கணினி வகுப்பு நடத்தினாள். வயது முப்பதுக்குள். உயிலங்குளத்துக்காரி, பாதை மூடிய நாளிலிருந்து அவளும் நகரத்தில் ஒரு உறவினர் வீட்டில்தான் இருந்தாள். பதினொரு மணிக்கு வகுப்பு முடிந்ததும் ஒரு மணித்தியாலம் அவருக்கு ஒரு கணினியை விட்டுக்கொடுப்பாள். அவர் கேட்டதற்காக ஒன்றில் லினக்ஸ் இயங்குதளமும் போட்டு வைத்திருந்தாள்.

"என்ன அண்ணை, இண்டைக்குப் புதுசா?" என்று கேட்டாள்.

"இழை. ரெண்டு இழை ஓட்டிப் பாக்கப்போறன்."

"நாங்கள் படிச்ச காலத்தில இது இல்லை. எனக்கும் காட்டுங்கோ."

அவள் ஒரு கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்தாள். அவர் தாளைப் பார்த்துப் பார்த்து எழுதினார். ஐம்பது சுற்று கணினிக்கு ஒன்றுமில்லை என்பதால் இழைக்குப் பத்து லட்சம் என்று போட்டார். ஓட்டினார். எண்டர் பொத்தானிலிருந்து விரலை எடுக்குமுன்பே விடை வந்தது: இருபது லட்சம். மறுபடி ஓட்டினார், இருபது லட்சம். இன்னொருமுறை, அதே இருபது லட்சம்.

"சரியா இருக்கு," என்றாள் சிவலட்சுமி. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து மாதத்துக்குப் பிறகு யாரோ தனக்குச் சரி என்று சொன்னது அதுதான் என்று என்னிடம் சொன்னார்.

அந்தச் சந்தோஷத்தில்தான், கொஞ்சம் நேரம் எடுத்து ஓடுவதைப் பார்க்கலாம் என்று எண்ணிக்கையைக் கூட்டினார். இழைக்கு ஐந்து கோடி. பத்துக் கோடி வரவேண்டும். கணினி ஒரு கணம் தயங்கியது போல இருந்தது. ஏழு கோடியே அறுபத்தொரு லட்சம் சொச்சம் என்று வந்தது.

மறுபடி ஓட்டினார். ஆறு கோடியே எண்பத்தெட்டு லட்சம். அடுத்த முறை ஒன்பது கோடிக்கு மேல்.

"கொம்பியூட்டர் பழசு அண்ணை. மெமரியில ஏதோ பிழை போல."

"கணக்குப் பிழைச்சா ஒரே பிழையா எல்லோ வரவேணும். இது ஒவ்வொரு தரமும் வேற வேறயா வருது."

அதற்குள் ஒரு மணித்தியாலமும் முடிந்துவிட்டது. திரும்பும் பஸ் முழுக்கச் சனம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நடந்து ஏறவேண்டும். அவர் அந்த மூன்று எண்களையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த பத்து நாளும் கடதாசியில் ஓட்டினார். எப்படி ஓட்டினாலும் நூறுதான் வந்தது. கேட்பதற்கு ஒருவரும் இல்லை. கொழும்பில் உள்ளவர்களுக்குத் தொலைபேசி எடுக்கலாம், யாருக்கு எடுப்பது? வகுப்பே இல்லாத படிப்பில் ஆசிரியருக்கு எங்கே போவது? விடை இருக்கக்கூடிய இரண்டாம் பாகம் ஏதோ ஒரு தபாற் கந்தோரில் மூட்டைக்குள் கிடந்தது.

பதினோராம் நாள் காலை அவர் மேசையில் இருந்தார். முதலாம் தாளில் பதினெட்டாம் சுற்று. பொதுக் கொப்பியிலிருந்து நாற்பத்தொன்றை எடுத்துவிட்டார். சொந்தத் தாளில் ஒன்றைக் கூட்டி நாற்பத்திரண்டு என்று எழுதிவிட்டார். அதைக் கொப்பியில் போடவேண்டியதுதான் மிச்சம். கதவைத் தட்டினார்கள்.

கரையோரத்தில் காவல் நின்றவர்கள். அடையாள அட்டை பார்க்கவேண்டும், உள்ளே பார்க்கவேண்டும். ஒவ்வொரு தொட்டியின் மூடியையும் திறந்து காட்டினார். இயந்திர அறையைக் காட்டினார். அவர்கள் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. அவர் திரும்பி வந்து மேசையில் இருந்தார். எதிலே விட்டோம் என்று பார்க்காமல் கைக்கு எட்டிய தாளை எடுத்து ஓட்டத் தொடங்கினார். அது இரண்டாம் தாள். கொப்பியில் இருந்த நாற்பத்தொன்றை எடுத்து நாற்பத்திரண்டாக்கி, நாற்பத்துமூன்றாக்கி, நாலு சுற்றில் நாற்பத்தைந்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்புறம் முதலாம் தாள் கண்ணில் பட்டது. அதில் ஒரு வரி மிச்சம்: நாற்பத்திரண்டைக் கொப்பியில் எழுது.

எழுதினார். நாற்பத்தைந்தை வெட்டிவிட்டு நாற்பத்திரண்டு.

அவர் பேனையைக் கீழே வைத்தார். இரண்டாம் இழை செய்த நாலு சுற்று வேலையும் இல்லாமல் போயிருந்தது. ஒருவரும் பிழை செய்யவில்லை. முதலாம் இழை தன் மூன்று வரியையும் ஒழுங்காகச் செய்தது. இரண்டாம் இழையும் அப்படித்தான். இடையில் நிறுத்தியதுதான் காரியம்.

"நான் ஒருநாளும் நடுவில நிப்பாட்டேல்லை," என்று என்னிடம் சொன்னார். "ஒரு சுற்று முடிஞ்சாப் பிறகுதான் தாளை மாத்துவன். மனுசன் அப்பிடித்தானே செய்வான். கேர்னலுக்கு அது தெரியாது. நேரம் முடிஞ்சா எந்த வரியில நிக்கிறாய் எண்டு பாக்காமல் தூக்கிப்போடும்."

பத்து லட்சத்துக்கு ஏன் சரியாக வந்தது என்பதும் அப்போது விளங்கியது. அவ்வளவு சின்ன வேலையை ஒரு இழை தனக்குக் கிடைத்த முதல் முறையிலேயே முடித்துவிட்டிருக்கும். இடையில் வெட்டுவதற்குச் சந்தர்ப்பமே வந்திருக்காது.

அடுத்த சனிக்கிழமை போய் ஒரு வழி செய்துபார்த்தார். பொதுவில் இன்னொரு எண் வைத்தார். அது பூச்சியமாக இருந்தால் உள்ளே போகலாம். போகும்போது ஒன்று என்று மாற்றிவிடவேண்டும். வெளியே வரும்போது பூச்சியமாக்கவேண்டும். சிவலட்சுமியிடம் தாள்களை வைத்து முழுவதையும் விளங்கப்படுத்தினார். அவள் கவனமாகக் கேட்டாள்.

"பூச்சியம் எண்டு பாத்திட்டு, ஒண்டு எண்டு மாத்திறதுக்கு முன்னம் நிப்பாட்டிப்போட்டா?" என்று கேட்டாள்.

அவர் ஓட்டினார். ஒன்பது கோடியே தொண்ணூறு லட்சம் வந்தது. பிழை குறைந்திருந்தது, போகவில்லை. அவள் சொன்னதுதான் சரி. பார்ப்பது ஒரு வரி, மாற்றுவது இன்னொரு வரி.

"நீங்கள் இதைக் கண்டுபிடிச்சிடுவீங்கள் அண்ணை," என்றாள் கதவைப் பூட்டும்போது. பிறகு, "நான் அடுத்த மாதம் இருப்பனோ தெரியாது," என்றும் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பின்னால் பல தடவை நினைத்ததாகச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை சுற்றிவளைப்பு, பஸ் ஓடவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. மூன்றாவது சனிக்கிழமை போனபோது வகுப்பு மண்டபம் பூட்டியிருந்தது. திறப்பு கோயில் மணி அடிக்கிற எட்வேட் என்பவரிடம் இருந்தது.

"டீச்சர் போயிட்டா. படகில எண்டு சொல்லுகினம். இந்தியாவுக்கு," என்றார் எட்வேட். "நீங்கள்தானே சனிக்கிழமை வாறவர்? உங்களுக்குத் திறந்து விடச் சொன்னவ."

அவர் உள்ளே போய்த் தனியாக இருந்தார். மற்றக் கணினிகளெல்லாம் துணியால் மூடிக் கிடந்தன. என்ன செய்வதென்று தெரியாமல், இழை நூலகத்தின் தலைப்புக் கோப்பைத் திறந்தார். நூலகம் என்னென்ன அழைப்புகளைத் தருகிறது என்ற பட்டியல் அதில் இருக்கும். இழையை உண்டாக்கு, இழையைச் சேர், இழையைப் பிரித்துவிடு. அதுவரை அந்த மூன்றும்தான் அவருக்குத் தெரியும். வரிவரியாகக் கீழே போனார். நடுவில் மியூட்டெக்ஸ் என்று ஒரு சொல். பக்கத்தில் ஒரே வரிக் குறிப்பு: பூட்டு. அடுத்த வரியில்: திற.

அவர் தேடியதை யாரோ எப்போதோ செய்து வைத்திருந்தார்கள். பார்ப்பதும் மாற்றுவதும் வெட்ட முடியாத ஒரே செயலாக. பூட்டு வேறொருவரிடம் இருந்தால் நூலகம் கேர்னலிடம் சொல்லி அந்த இழையைத் தூங்க வைக்கும், திறந்ததும் எழுப்பும். அவர் மூன்று வரிகளுக்கு முன்னால் பூட்டையும் பின்னால் திறப்பையும் போட்டு ஓட்டினார். இந்த முறை கன நேரம் எடுத்தது. பத்துக் கோடி வந்தது. மறுபடி ஓட்டினார். பத்துக் கோடி. ஏழு தடவை ஓட்டினார்.

அவர் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே வந்தார். எட்வேட் படியில் இருந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம். சரி வந்திட்டுது."

"நல்லது," என்று எட்வேட் கதவைப் பூட்டப் போனார்.

அன்று பேசாலைக்குத் திரும்பி, செஞ்சிலுவைத் தாளை எடுத்துத் தாய்க்கு எழுத இருந்தார். பூட்டைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தார். கடைசியில் எழுதியது: நான் சுகம், படிப்பு நடக்கிறது.

இரண்டாயிரத்து ஏழு மார்ச்சில் பரீட்சை. பாஸ் எடுத்து, சாமான் வாகனத் தொடரோடு போன பஸ்ஸில் இரண்டு நாள் முந்தியே புறப்பட்டார். அடுத்த நாள் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பையைக் கொட்டச் சொன்னார்கள். சேட்டு, துவாய், போட்டோப் பிரதி. அதற்குக் கீழே அந்தத் தாள்கள், முழுக்கப் பெட்டிகளும் அம்புக்குறிகளும் இலக்கங்களுமாக. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் நின்றுகொண்டே சத்தமாக வாசித்தார்.

"கேர்னல் முறை தந்தால்தான் 2 ஓடும். அதுவரை 1 காத்திருக்கவேண்டும். 2 திரும்பி வராவிட்டால் 1 அங்கேயே நிற்கும். 3 ஐக் கொல்லலாம். ஆனால் பூட்டைக் கையில் வைத்திருக்கும்போது கொல்லக்கூடாது."

வாசித்தவரே நிறுத்திவிட்டு இன்னாசிமுத்துவைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் மொழிபெயர்த்தார். இராணுவப் பதவியான கேணலும் இயங்குதளத்தின் கேர்னலும் காதுக்கு ஒரே சொல்தான்.

"மே கேர்னல் கவுத?" என்று கேட்டார் பொறுப்பாக இருந்தவர். யார் இந்தக் கேர்னல்?

இன்னாசிமுத்து தெரிந்த சிங்களத்தில் சொல்லிப் பார்த்தார். ஆள் இல்லை, சேர், கணினிக்குள் இருப்பது. இரண்டும் மூன்றும்? அவையும் ஆள் இல்லை, இழை. நூல். தைக்கிற நூலா? இல்லை சேர். சொல்லச் சொல்ல மோசமாகிக்கொண்டே போனது. பஸ் அவரை விட்டுவிட்டுப் போயிற்று.

மூன்று நாள் ஒரு அறையில் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. சோறும் தந்தார்கள். ஒரே கேள்விகளை வேறுவேறு ஆட்கள் வந்து கேட்டார்கள். இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கொழும்பில் பரீட்சை மண்டபத்தைத் திறந்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அறைக்குள் மணிக்கூடு இல்லை. வெளியே சாப்பாட்டு மணி அடித்தபோது, இப்போது முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஒரு இளம் அதிகாரி வந்தார். பல்கலைக்கழகத்தில் படித்தவர் போல. மேசையில் தாள்களைப் பரப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரு இழை தன்ர வேலையை முடிச்சிட்டுது. ஒருத்தரும் ஜொயின் செய்யேல்லை. என்ன நடக்கும்?"

"மிச்சம் கிடக்கும் சேர். அதுக்கு ஒதுக்கின இடமும் இலக்கமும் அப்பிடியே இருக்கும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"நிரல் முடியுமட்டும்."

"அப்பிடிக் கிடக்காமல் இருக்கவேணுமெண்டா?"

"காத்திருக்கப்போறதில்லை எண்டு முன்னமே நூலகத்துக்குச் சொல்லிப் பிரிச்சு விடவேணும், சேர். பிறகு முடிஞ்ச உடனே நூலகமே துப்புரவாக்கிப்போடும்."

அதிகாரி தாள்களை ஒழுங்காக அடுக்கினார். முதலாம் தாள் மேலே, இரண்டாம் தாள் கீழே. "பரீட்சை எப்ப?" என்றார்.

"முந்தாநேத்து... இல்லை. நேத்து, சேர்."

அதிகாரி தாள்களைத் திருப்பி நீட்டினார். "அடுத்த வருசம் எழுதுங்கோ," என்றார். மன்னார்ப் பக்கம் போகிற வாகனத்தில் ஏற்றிவிட்டார்கள்.

பேசாலைக்கு வந்து கதவைத் திறந்தபோது உள்ளே கணுக்கால் அளவுக்கு மணல் சேர்ந்திருந்தது. கூரையின் ஒரு தகரம் கழன்றிருந்தது. அன்று பகல் முழுக்க மணல் அள்ளினார். யாருக்கும் அவர் போனதும் தெரியாது, வராமல் இருந்ததும் தெரியாது.

அடுத்த வருடம் அவர் எழுதவில்லை. இரண்டாயிரத்து எட்டில் சண்டை தாயின் பக்கத்துக்கு வந்துவிட்டது. குடியேற்றத்துச் சனம் வடக்கே நடக்கத் தொடங்கியது என்று கேள்விப்பட்டார். செஞ்சிலுவைக் கடிதங்கள் நின்றன. விடத்தல்தீவு விழுந்தது என்று வானொலி சொன்னது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊராகப் பெயர்கள் வந்தன. அவர் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு, தாய் இந்நேரம் எங்கே நடந்திருப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் கொப்பியைத் தொடவே இல்லை என்றார். இயந்திரத்தை மட்டும் கிழமைக்கு ஒருமுறை ஓட விட்டார். அது ஓடுகிற அரை மணி நேரம் அறைக்குள் வேறொருவர் இருக்கிறது போல இருக்குமாம்.

இரண்டாயிரத்து ஒன்பது யூனில், சண்டை முடிந்து சனத்தை அடைத்துவைத்திருந்த செட்டிகுளத்து முகாமின் கம்பிவேலிக்கு வெளியே ஐந்து நாள் நின்றார். ஐந்தாம் நாள் லூர்தம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பாதியாகிப் போயிருந்தாள். காலில் செருப்பு இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன்ம்மா."

"இத்தன நாளா என்னா செஞ்ச?"

"படிச்சேன்."

"பரீச்ச எழுதினியா?"

"இன்னும் இல்ல."

"எழுது," என்றாள். நேரம் முடிந்துவிட்டது என்று உள்ளே அழைத்துப்போனார்கள்.

மார்கழியில் அவளை விட்டார்கள். பேசாலைக்குக் கூட்டிவந்தார். அவளுக்குக் கடற்காற்று பிடிக்கவில்லை. மணலில் ஒன்றும் நட முடியாது என்று குறைப்பட்டாள். பகலில் ஐஸ் தொட்டியின் மூடியில் படுத்துத் தூங்குவாள். அவர் மேசையில் படிப்பார். நாலு மாதம் அப்படிப் போயிற்று. அந்த நாலு மாதத்தைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். பிறகு குடியேற்றத்துக்குத் திரும்பலாம் என்று அறிவித்தார்கள். அவள் முதல் பஸ்ஸிலேயே போக நின்றாள்.

"இங்கேயே இரும்மா," என்றார்.

"அங்க என் நெலம் இருக்கு. ஒனக்கு வேல இங்க இருக்கு. வந்து பாத்துட்டுப் போ," என்றாள்.

அந்த வருடம் அவர் இயங்குதளப் பாடத்தை எழுதினார். இழைகளைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. அரைப் பக்கத்தில் எழுதி முடித்துவிட்டார். சித்தி. மற்றப் பாடங்களில் இரண்டு தவறி, மறுபடி எழுதி, பட்டம் கைக்கு வர முப்பத்தொன்பது வயதாகிவிட்டது. ஐஸ் தொழிற்சாலையைச் சரிபுதீன் திரும்பி வந்து திறந்தார். புது ஆட்களைப் பழக்கிவிட்டு இன்னாசிமுத்து எங்கள் கந்தோரில் வந்து சேர்ந்தார். சிவலட்சுமி தமிழ்நாட்டில் முகாமில் இருக்கிறாள் என்று ஒருவரும், வெளிநாடு போய்விட்டாள் என்று இன்னொருவரும் சொன்னார்கள். விலாசம் கிடைக்கவில்லை. இன்னாசிமுத்து கல்யாணம் செய்யவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு தாயிடம் போய்விட்டு, திங்கள் வேலை என்று பின்னேரப் பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார்.

கந்தோரில் நாங்கள் எல்லோரும் பகல் சாப்பாட்டை ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். அவர் மட்டும் தன் மேசையில், சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். ஒருநாள் கேட்டேன், ஏன் தனிய இருக்கிறீங்கள் என்று.

"பழகிட்டுது," என்றார்.

அடுத்த நாள் பன்னிரண்டரைக்குக் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. அதை என் மேசைப் பக்கம் கொண்டுவந்து போட்டு, சோற்றுப் பெட்டியைத் திறந்தார். பொரித்த மீனில் பாதியைப் பிய்த்து என் பெட்டி மூடியில் வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.